வயசானா இளைக்கணுமா?

வீட்டில் அரிசி இருக்கிறது, அடுப்பு எரிகிறது, பிள்ளைகள் போன் செய்கிறார்கள். ஆனாலும் பெரியவர்களின் உடம்பு கரைந்துகொண்டே போகிறது.

தீபாவளிக்கு இன்னும் பத்து நாள். ஈரோடு மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் தையல் கடை. புதுத் துணிகள் குவிந்து கிடக்க, எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க பாட்டி ஒருவர் மஞ்சப்பையிலிருந்து மூன்று பழைய ஜாக்கெட்டுகளை எடுத்து மேசைமேல் வைக்கிறார்.

"ரெண்டு பக்கமும் புடிச்சுக் குடு கண்ணு. தோள்ல நிக்கவே மாட்டேங்குது."

"சித்திரையிலதானுங்க ஆத்தா புடிச்சுக் குடுத்தேன்?"

"என்ன பண்றது, வயசாவுதில்ல!"

டெய்லர் உள்தையலைப் புரட்டிப் பார்க்கிறார். ஏற்கெனவே இரண்டு முறை பிடித்த தடம். இன்னொரு முறை பிடித்தால் கைக்குழி கோணிவிடும். "புதுசா ஒண்ணு தெச்சுக்குங்க ஆத்தா" என்று அளவு நாடாவை எடுக்கிறார். நோட்டில் போன வருட அளவு இருக்கிறது. இப்போது இரண்டரை அங்குலம் குறைவு. பாட்டியின் அதே பையில் ஆஸ்பத்திரி நோட்டும் இருக்கிறது. பிரஷர், சுகர் எல்லாம் மாதாமாதம் எழுதியிருக்கிறார்கள். எடையை எழுத வேண்டிய இடம் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் காலி.

பாட்டிக்குச் சோற்றுக்குப் பஞ்சமில்லை. மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறார், மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறார். "காத்தால ரெண்டு இட்லி, மத்தியானம் ஒரு கரண்டி ரசஞ்சோறு, ராத்திரிக்கு ரெண்டு இட்லி. அதுவே வேண்டியிருக்கறதில்ல" என்கிறார். அவர் தெருவில் அவர் வயதுக்காரர்கள் பலரும் இதையே, கொஞ்சம் பெருமையோடுகூடச் சொல்கிறார்கள். குறைவாகச் சாப்பிடுவது நம் ஊரில் ஒழுக்கம் அல்லவா?

எண்கள் சொல்வது

45 வயதைக் கடந்த 72 ஆயிரம் பேருக்குமேல் சந்தித்து, 2017-18-ல் மத்திய அரசு நடத்திய முதியோர் ஆய்வு 'லாசி'. அதன்படி இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 27 சதவீதம் பேர் எடை குறைந்தவர்கள். உடல் பருமன் மிகுந்தவர்களைவிட இவர்கள் அதிகம். தமிழ்நாட்டுக்கு இதில் கூடுதல் கவலை உண்டு. கேரளத்துக்கு அடுத்தபடியாக முதியோர் விகிதம் அதிகமுள்ள பெரிய மாநிலம் இது. 2021-ல் 13.6 சதவீதமாக இருந்த 60 வயதுக்கு மேற்பட்டோர், 2031-ல் 18.2 சதவீதமாக உயர்வார்கள் என்பது அரசின் மக்கள்தொகைக் கணிப்பு.

குழந்தையின் எடை குறைந்தால் அங்கன்வாடி ஊழியர் அட்டையில் குறித்து வைக்கிறார். கர்ப்பிணிக்கு எடை பார்க்காமல் எந்தச் சுகாதார நிலையமும் அனுப்புவதில்லை. பெரியவர்களின் எடை குறைந்தால் "வயசானா அப்படித்தான்" என்கிறோம். சில வீடுகளில் "நல்லா ஸ்லிம்மா இருக்கீங்களே" என்ற பாராட்டும் கிடைக்கிறது.

எது வயது, எது நோய்?

வயதோடு பசி குறைவது உண்மைதான். நாக்கும் மூக்கும் மந்தமாகின்றன. இரைப்பை முன்போல் விரிந்து கொடுப்பதில்லை, கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்ததாக மூளைக்குச் சேதி போய்விடுகிறது. தாகமும் குறைகிறது. இவையெல்லாம் இயல்பு.

ஆனால், முயற்சி எதுவும் செய்யாமலேயே ஆறு மாதத்தில் உடல் எடையில் இருபதில் ஒரு பங்குக்குமேல் கரைந்தால், அதை வயதின் கணக்கில் எழுதக் கூடாது. 50 கிலோ உள்ளவருக்கு அது இரண்டரை கிலோ. பின்னால் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது, தேடினால் பெரும்பாலும் கிடைக்கும். காசநோய், தைராய்டு, புற்றுநோய், மனச்சோர்வு, மறதி நோயின் தொடக்கம், விழுங்குவதில் சிரமம் என்று பட்டியல் நீளம். காரணம் மிகச் சாதாரணமாகவும் இருக்கலாம். ஈறு சுருங்கியதால் ஆடும் பல் செட்டைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டவர், கறியையும் கடலையையும் காய்கறியையும் விட்டுவிட்டு ரசஞ்சோற்றுக்கு வந்துவிடுகிறார். ஆடுகிற பல் செட்டைச் சரிசெய்தாலே எடை திரும்பியவர்கள் உண்டு.

யாரும் வெளியே சொல்லாத காரணம் ஒன்று, கழிவறை. மூட்டுவலியோடு குத்துக்கால் போட்டு உட்கார்ந்து எழ முடியாது. கொல்லைப்புறம் இருட்டு. "ராத்திரி எந்திரிக்கணுமே" என்ற பயத்தில் மாலை ஆறு மணிக்கே தண்ணீரையும் சாப்பாட்டையும் நிறுத்திவிடுகிறவர்கள் எத்தனையோ பேர். இவர்களுக்குச் சத்துமாவு டப்பா வாங்கித் தருவதைவிட, கழிவறைச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பியும் மேற்கத்திய பாணி கோப்பையும் வைத்துத் தருவது நல்ல வைத்தியம்.

பிறகு, மாத்திரைகள். சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் சிலருக்குக் குமட்டலைத் தரும், பசியைக் குறைக்கும். வருடக்கணக்கில் எடுத்தால் பி12 வைட்டமினும் குறையலாம். மறதிக்குத் தரும் டொனெபெசில், இதயத்துக்குத் தரும் டிகாக்சின் இரண்டுமே பசியைக் கெடுக்கக்கூடியவை. வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும், இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கட்டும். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு டாக்டர் எழுதியிருப்பார். அத்தனை மாத்திரையையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எந்த டாக்டருக்கும் வாய்ப்புக் கிடைத்திருக்காது.

> பெட்டிச் செய்தி: வீட்டிலேயே கேட்க ஆறு கேள்விகள்
>
> உலகெங்கும் முதியோர் மருத்துவர்கள் பயன்படுத்தும் 'எம்என்ஏ' என்ற சோதனையின் சுருக்க வடிவத்தில் ஆறே கேள்விகள்தான்.
>
> கடந்த மூன்று மாதத்தில் சாப்பாட்டின் அளவு குறைந்ததா? எடை குறைந்ததா, 3 கிலோவுக்கு மேலா? வீட்டைவிட்டு வெளியே போய்வர முடிகிறதா? இந்த மூன்று மாதத்தில் பெரிய நோயோ மனத்தை உலுக்கிய துயரமோ உண்டா? மறதியோ சோர்வோ உண்டா? உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா?
>
> மொத்தம் 14 மதிப்பெண். 12-ம் அதற்கு மேலும் இருந்தால் கவலையில்லை. 8 முதல் 11 வரை ஆபத்தின் விளிம்பு. 7-ம் அதற்குக் கீழும் ஊட்டக்குறைவு. எடை பார்க்க முடியாத படுக்கை நோயாளிக்குக் கெண்டைக்காலின் சுற்றளவை அளக்கலாம். தடித்த இடத்தில் 31 செ.மீ.க்குக் குறைவு என்றால் எச்சரிக்கை.

பத்தியம் என்னும் பட்டினி

வறுமையால் வாடும் முதியோர் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றிப் பின்னால் பேசுவோம். ஆனால், நடுத்தர வர்க்க வீடுகளில் முதியவர்களை அதிகம் இளைக்க வைப்பது நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் "வேண்டாம்"கள் என்றே சொல்வேன்.

ஐம்பது வயதில் சுகர் வந்தபோது இனிப்பு வேண்டாம் என்றார்கள். பிறகு கிழங்கு வேண்டாம், வாழைப்பழம் வேண்டாம், சோறு குறைக்கணும். பிரஷர் வந்ததும் உப்பு குறைந்தது, அத்தோடு ருசியும் போனது. கொலஸ்ட்ரால் என்று முட்டையும் தேங்காயும் நெய்யும் போயின. யூரிக் ஆசிட் என்று பருப்பு போனது. வாயு என்று சுண்டலை மகள் நிறுத்தினாள். செவ்வாய், வெள்ளி, அமாவாசை, கிருத்திகையில் அசைவம் இல்லை, சில நாளில் ஒருவேளைதான் சாப்பாடு. இருபத்தைந்து வருடத்தில் சேர்ந்த தடைகளையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் தட்டில் மிஞ்சுவது இட்லியும் ரசமும்தான். அன்று 78 கிலோ இருந்த மனிதருக்குச் சொன்ன ஆலோசனையை, இன்று 46 கிலோவில் நிற்பவரும் கடைப்பிடித்துக்கொண்டிருக்கிறார். இடையில் யாரும் அதை ரத்து செய்யவில்லை.

ஊட்டக்குறைவு உள்ள முதியோருக்கு, சாப்பாட்டைக் குறைக்கும் கட்டுப்பாடுகள் தீங்கானவை, தவிர்க்க வேண்டும் என்று ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கத்தின் வழிகாட்டி வெளிப்படையாகச் சொல்கிறது. பல நோய்களோடு தளர்ந்த முதியவருக்கு மூன்று மாதச் சர்க்கரை அளவு 8-க்குக் கீழே இருந்தால் போதும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் தளர்த்தியிருக்கிறது. நாற்பது வயதுக்காரருக்கான 7-ஐ எண்பது வயதில் துரத்தத் தேவையில்லை.

துரத்தினால் என்ன ஆகும்? சாப்பாடு பாதியாகக் குறைந்த பிறகும் கிளிமிபிரைட் போன்ற மாத்திரையின் அளவு குறையாது. இரவு ஒரு இட்லியோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தவருக்கு விடியற்காலையில் சர்க்கரை தாழ்ந்துவிடும். வேர்த்து, குழம்பி, கழிவறைக்குப் போகும் வழியில் விழுவார். வீட்டில் உள்ளவர்கள் "தல சுத்தி விழுந்துட்டார்" என்பார்கள்.

விழுந்த பிறகு

விழுவதிலிருந்துதான் சரிவு வேகமெடுக்கிறது. உடம்பு பட்டினி கிடக்கும்போது கொழுப்போடு சேர்த்துத் தசையையும் எரிக்கிறது. தொடைத் தசை போனால் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியாது. தடுக்கினால் சுதாரிக்க முடியாது. இடுப்பெலும்பை மூடியிருந்த சதை இல்லாததால் விழும்போது நேரே எலும்பில் அடி.

அறுவை சிகிச்சை முடிந்து படுக்கையில் கிடக்கும் நாட்கள் இன்னொரு அடி. ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஆய்வொன்று 2007-ல் அமெரிக்காவில் வெளியானது. பத்தே நாளில் அவர்களின் கால்கள் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ சதையை இழந்திருந்தன. நோயே இல்லாதவர்களின் கணக்கு அது. ஏற்கெனவே 42 கிலோவில் இருப்பவருக்கு இடுப்பெலும்பு முறிந்தால் எழுந்து நடக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று ஊகித்துக்கொள்ளலாம்.

தையல் போட்ட இடம் ஆற மறுக்கும், முதுகில் படுக்கைப்புண் வரும். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்திருப்பதால் சளி நிமோனியாவாக மாறும். தொண்டைத் தசையும் தசைதானே? அது தளர்ந்தால் விழுங்கும் சோறு மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். காய்ச்சலுக்குச் சேர்த்தவர் திரும்பி வரும்போது இன்னும் மூன்று கிலோ குறைந்திருப்பார். வீட்டில் கஞ்சி வைத்துக் கொடுப்பார்கள். குடும்பத்துக்குத்தான் செலவும் அலைச்சலும். ஒரு மருமகளோ மகளோ வேலையை விட நேர்வதும் இங்கிருந்துதான். இறப்புச் சான்றிதழில் நிமோனியா என்றோ மாரடைப்பு என்றோ எழுதப்படும். ஊட்டக்குறைவு என்று ஒருவரும் எழுத மாட்டார்கள்.

இதைத் தடுக்க முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் எட்டு மருத்துவமனைகளில் ஊட்டக்குறைவு அபாயமுள்ள 2,088 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2019-ல் வெளியானது. ஒரு பாதிப் பேருக்கு அவரவர் தேவைக்கேற்பக் கணக்கிட்டுச் சாப்பாடு தரப்பட்டது, மறுபாதிக்கு வழக்கமான மருத்துவமனைச் சாப்பாடு. முப்பது நாளில் இறந்தவர்கள் முதல் குழுவில் 7 சதவீதம், இரண்டாவதில் 10 சதவீதம். புது மருந்து எதுவும் கொடுக்கவில்லை.

கஞ்சிக் கணக்கு

பெரியவர்களுக்குக் கிலோ எடைக்கு ஒரு நாளில் குறைந்தது 1 கிராம் புரதம் வேண்டும், நோயிலிருந்து மீள்பவருக்கு 1.2 முதல் 1.5 கிராம்வரை என்பது முதியோர் ஊட்டச்சத்து நிபுணர்கள் சொல்லும் அளவு. 50 கிலோ இருக்க வேண்டிய பாட்டிக்கு 50 கிராமுக்குக் குறையக் கூடாது. தையல் கடைப் பாட்டியின் நாலு இட்லி, ரசஞ்சோறு, கொஞ்சம் மோர், இரண்டு டீயைக் கூட்டினால் 25 கிராமைத் தாண்டுவது கஷ்டம்.

மீதிப் பாதியை வயிற்றில் இடமில்லாதவருக்கு எப்படித் தருவது? அளவைக் கூட்டாமல் செறிவைக் கூட்ட வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு டம்ளர் பாலில் 6. ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7, பல் இல்லாவிட்டால் அரைத்துச் சட்னியாகவோ கஞ்சியிலோ கலக்கலாம். முப்பது கிராம் பருப்பில் 6 கிராமுக்குமேல். கூட்டினால் 25 வந்துவிட்டது. மீன் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் எளிது. முள்ளெடுத்த மத்தி நூறு கிராம் இருந்தால் கிட்டத்தட்ட 20 கிராம்.

கொங்குநாட்டுக்காரர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அரிசியும்பருப்புஞ்சோறு என்று ஒன்று வைத்திருக்கிறார்களே! பருப்பைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டுக் குழைய வேகவைத்து, மேலே ஒரு கரண்டி நெய் ஊற்றினால் பல் இல்லாதவருக்கும் பசி இல்லாதவருக்கும் ஏற்ற சாப்பாடு அதுதான். பச்சைப்பயறு கடைசலும் அப்படியே. ஒரு டீஸ்பூன் நெய்யோ எண்ணெயோ 45 கலோரி. இளைத்துப்போன எண்பது வயதுக்காரருக்கு அது மருந்து.

வெறுங்கஞ்சிதான் ஆபத்து. வெண்மையாக, சூடாக, கிண்ணம் நிறைய இருக்கும். வயிறும் நிறையும், உள்ளே போனது பெரும்பாலும் தண்ணீர். கஞ்சி கொடுப்பதென்றால் தண்ணீருக்குப் பதில் பாலில் காய்ச்சுங்கள், பொடித்த கடலையோ பாசிப்பருப்போ சேருங்கள். மூன்று வேளையை ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரியுங்கள். படுக்கும் முன் ஒரு டம்ளர் பால். சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் வயிறு நிறையத் தண்ணீர் வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டுமுன் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

டப்பாவில் வரும் ஊட்டச்சத்துப் பொடிகளை மொத்தமாகத் தள்ளுவதற்கில்லை. சாப்பாட்டைச் செறிவாக்கியும் எடை ஏறாதபோது அவை உதவும். ஆனால், ஒரு நாளில் அதிலிருந்து குறைந்தது 400 கலோரியும் 30 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும், ஒரு மாதமாவது தொடர வேண்டும் என்பது ஐரோப்பிய வழிகாட்டி. விளம்பரத்தில் நடிகர் சிரித்துக்கொண்டே கலக்கும் இரண்டு ஸ்பூன் அந்தக் கணக்குக்கு அருகில்கூட வராது. டப்பாவின் பின்புறத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

சாப்பாட்டோடு உடற்பயிற்சியும் சேர வேண்டும். சதைக்கு வேலை கொடுத்தால்தான் உண்ட புரதம் சதையாகும். நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்கார்வதே நல்ல தொடக்கம்.

> பெட்டிச் செய்தி: அவசரம் வேண்டாத இடம்
>
> ஐந்து நாளுக்குமேல் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாமல் கிடந்தவருக்கு, பாசத்தில் ஒரேயடியாக வயிறு நிறைய ஊட்டிவிடக் கூடாது. பட்டினிக்குப் பழகிய உடம்பில் மாவுச்சத்து திடீரென்று சேரும்போது ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் சட்டென்று இறங்கும். பி1 வைட்டமினும் தீர்ந்துபோகும். இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், உயிரும் போகலாம். இவர்களுக்கு மருத்துவர் கண்காணிப்பில் ரத்தப் பரிசோதனையோடு சிறுகச் சிறுகத்தான் கூட்ட வேண்டும்.

ஆறரை மணிச் சமையல்

இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் சமையல் காலை ஆறரைக்கு முடிந்துவிடுகிறது. டிபன் பாக்ஸ்களில் நிரப்பியது போக மீதியை ஹாட்பாக்ஸில் வைத்துவிட்டுக் கிளம்புகிறார்கள். தாத்தா பாட்டி அதை மதியம் ஒன்றரைக்குத் திறக்கும்போது சோறு விறைத்து, பொரியல் வாடியிருக்கும். எதிரே உட்கார ஆளில்லை. டிவி ஓடும். பாதி சாப்பிட்டுவிட்டு மூடிவைப்பார்கள். யார்மீதும் குற்றமில்லை. ஆனால் சேர்ந்து உட்கார்ந்தால் நாம் எல்லோருமே ஒரு பிடி கூடுதலாகச் சாப்பிடுவோம். நாளில் ஒரு வேளையாவது சேர்ந்து சாப்பிடுங்கள். அந்த ஒரு வேளை இரவு என்றால், எட்டு மணிக்கே எல்லோரும் உட்கார்ந்துவிடுவது நல்லது.

மனைவியை இழந்த ஆண்களின் நிலை தனி. பலருக்கு அடுப்பு பற்றவைக்கவே தெரியாது. பிஸ்கட்டும் டீயும் ஓட்டல் இட்லியுமாகக் காலம் போகிறது. கணவரை இழந்த பெண்களுக்குச் சமைக்கத் தெரியும், தனக்காகச் சமைக்கத்தான் மனம் வராது. "ஒருத்திக்கு எதுக்கு அடுப்பு" என்று பழைய சோற்றில் மோரை ஊற்றிக்கொள்வார்கள்.

அரசின் வாசலில்

1982 ஜூலையில் எம்ஜிஆர் தொடங்கிய சத்துணவுத் திட்டம், 1983 ஜனவரியில் முதியோர் உதவித்தொகை பெறுவோருக்கும் விரிந்தது. சத்துணவு மையத்தில் மதியம் சாப்பிடலாம், மாதம் 2 கிலோ அரிசியும் உண்டு. சாப்பிடாதவர்களுக்கு 4 கிலோ. இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பள்ளிப் பிள்ளைகளோடு வரிசையில் நிற்கப் பெரியவர்கள் கூசுவது நியாயம்தான். ஆயினும் நாற்பது வருடத்துக்கு முன்பே முதியவர்களின் மதியச் சோற்றை யோசித்த மாநிலம் இது. அதைப் புதுப்பிப்பது பெரிய காரியமில்லை.

உதவித்தொகை 2023-ல் 1,000-லிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. நாளுக்கு 40 ரூபாய். ரேஷன் அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய். தனியாக வாழும் முதியவருக்கு அந்த ஒரு கிலோ பருப்பு நாளுக்கு 33 கிராம் வருகிறது, அதாவது 7 கிராம் புரதம். கைவிட்டுவிடக் கூடாத கிலோ அது. தனித்து வாழும் முதியோரின் வீட்டு வாசலுக்கே ரேஷன் பொருள்களைக் கொண்டுதரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்ட்டில் தொடங்கியது. மருந்துகளை வாசலுக்குக் கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம், 2021 ஆகஸ்ட்டிலிருந்து நடக்கிறது. அந்தத் தன்னார்வலர்கள் பிரஷர் பார்க்கிறார்கள், சுகர் பார்க்கிறார்கள். மாதத்துக்கு ஒரு முறை எடையையும் குறித்தால் போதும். இளைப்பவர்களின் பட்டியல் தானாகத் தயாராகிவிடும்.

எடை பார்ப்பது உயிர்காக்கும் என்று தமிழ்நாடு ஏற்கெனவே ஒரு நோயில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியானதுமே ஊட்டக்குறைவு, மூச்சுத்திணறல், பிடிப்பின்றி நிற்க முடியாமை மூன்றையும் பார்க்கிறார்கள். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு 14-க்கு இறங்கியவர் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். அதே பார்வையை முதியவர்கள் பக்கம் திருப்ப யாரும் இன்னும் உத்தரவு போடவில்லை.

போனில் என்ன கேட்பது?

சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ "சாப்டியாம்மா?" என்று கேட்டால் "சாப்டேன்" என்றுதான் பதில் வரும். வீடியோ காலில் முகம் மட்டும் தெரியும், தோளுக்குக் கீழே தெரியாது. "மத்தியானம் என்ன குழம்பு? எத்தனை கரண்டி சோறு? முட்டை தீர்ந்துடுச்சா?" என்று கேளுங்கள். வீட்டில் ஒரு எடை இயந்திரம் வாங்கி வைத்து, ஒவ்வொரு மாதமும் உதவித்தொகையோ பென்ஷனோ வரும் நாளில் காலண்டரில் எடையை எழுதச் சொல்லுங்கள். மோதிரத்தில் நூல் சுற்றியிருக்கிறதா, பெல்ட்டில் புது ஓட்டை போட்டிருக்கிறதா என்று ஊருக்குப் போகும்போது பாருங்கள். உதவிக்கு ஆளில்லாதபோது அழைக்க, முதியோருக்கான 14567 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

காலண்டரில் மூன்று மாதத்துக்குள் 3 கிலோ குறைந்திருந்தால் அந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். போகும்போது மாத்திரைப் பட்டைகள் அத்தனையையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். இரண்டு வாரத்துக்குமேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை கேளுங்கள். சென்னைக்காரர்களுக்குக் கிண்டி கிங் வளாகத்தில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியிலிருந்து செயல்படுகிறது. மற்ற ஊர்களில் முதலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதியோர் பிரிவு எது என்று விசாரியுங்கள். உள்ளே போனதும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: "அம்மாவுக்கு எடை குறையுதுங்க."